டிராக்டரில் ‘செல்ஃப்’ எடுக்கவில்லையா? பாட்டரியை மாற்றுமுன் எர்த் கம்பியைப் பாருங்கள்

நாற்றங்காலில் நாற்று தயார். வயலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. நடவு ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. விடியற்காலையில் சேறடிக்க டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினாலும் அதே ‘டிக்’. விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரனும் அடிக்கிறது, ஆனால் என்ஜின் மட்டும் சுற்றவில்லை. நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் வண்டி நிற்பதோ சேற்று வயலின் வரப்போரம்.

நடவுப் பருவத்தில் பல கிராமங்களில் காணும் காட்சி இது. குறுகிய கால நெல் ரகங்களில் நாற்றின் வயது முற்றிவிட்டால் தூர் கட்டுவது குறையும், மகசூலும் குறையும். ஆகவே டிராக்டர் ஒரு நாள் நின்றால் உரிமையாளருக்கு மட்டுமன்றி, அதை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் சிறு விவசாயிகள் அனைவருக்கும் நஷ்டம்.

இப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலோர் பாட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிய பாட்டரி வாங்கிவிடுகிறார்கள். இதற்குச் சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது. முனைகளைப் புதிதாக இறுக்குவதால் சில நாட்கள் வண்டி ஓடும். பிறகு பழைய கதைதான். உண்மையில் பல வண்டிகளில் குற்றம் பாட்டரியில் இருப்பதில்லை. பாட்டரியிலிருந்து வண்டியின் இரும்பு உடலுக்குப் போகும் எர்த் கம்பியிலும், அது இறுக்கப்பட்டிருக்கும் போல்ட்டிலும்தான் இருக்கிறது.

வண்டியில் எர்த் என்பது என்ன?

கிணற்று மோட்டாருக்கு உப்பும் கரியும் போட்டு மண்ணில் புதைக்கும் எர்த் வேறு, டிராக்டரின் எர்த் வேறு. மோட்டார் எர்த் மனிதருக்கு ‘ஷாக்’ அடிக்காமல் காப்பதற்காக உள்ளது. டிராக்டரோ ரப்பர் டயரின் மேல் நிற்பது. அதன் எர்த்துக்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை. பாட்டரியின் பாஸிட்டிவ் முனையிலிருந்து கம்பி வழியாகப் போகும் மின்சாரம், வேலையைச் செய்துவிட்டு நெகட்டிவ் முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பி வருவதற்குத் தனித்தனிக் கம்பி போடாமல், வண்டியின் இரும்பு உடலையே வழியாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த உடலையும் பாட்டரியின் நெகட்டிவ் முனையையும் சேர்க்கும் தடித்த கம்பியே எர்த் கம்பி.

வாய்க்காலில் தண்ணீர் வரும் வழி சரியாக இருந்து, வடியும் வழி அடைபட்டால் ஓட்டம் நின்றுவிடும். அதுபோலத்தான் இதுவும். போகும் வழியை மட்டும் பார்த்து, திரும்பும் வழியைப் பாராமல் விடுவதே பலரும் செய்யும் பிழை.

எப்படிக் கெடுகிறது?

டிராக்டர் வேலை செய்யும் இடம் மின் இணைப்புக்குப் பகையானது. சேற்றுழவில் தண்ணீரும் சகதியும் தெறிக்கின்றன. உர மூட்டை ஏற்றும்போது யூரியாவும் மற்ற உரங்களும் சிந்துகின்றன. அம்மோனியா கலந்த ஈரம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. பாட்டரியிலிருந்து வரும் அமில ஆவி முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூக்கிறது. இவை போதாதென்று டீசல் என்ஜினின் அதிர்வு போல்ட்டைத் தளர்த்துகிறது.

இன்னொரு காரணம் பெயிண்ட். வண்டிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கும்போது எர்த் போல்ட் இருக்கும் இடத்தையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. வெளியே பார்க்க வண்டி அழகாக இருக்கும், உள்ளே வழி அடைபட்டிருக்கும்.

விளக்கு எரிகிறதே, பிறகு ஏன்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முகப்பு விளக்கு ஒன்றுக்குச் சுமார் 5 ஆம்பியர் மின்சாரம் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 200 ஆம்பியருக்கு மேல் தேவை. பெரிய என்ஜினுக்கு அதைவிடவும் அதிகம்.

துருப்பிடித்த ஓர் எர்த் இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் போகும்போது அங்கே வீணாவது 0.05 வோல்ட்தான். விளக்கின் ஒளியில் வித்தியாசமே தெரியாது. ஆனால் அதே இடத்தில் 250 ஆம்பியர் போக வேண்டுமானால் 2.5 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். ஸ்டார்ட் செய்யும்போது நல்ல பாட்டரியே சுமார் 10 வோல்ட்டுக்கு இறங்கும். அதிலும் 2.5 வோல்ட் குறைந்தால் மோட்டார் எப்படிச் சுற்றும்? வீணான மின்சாரம் சூடாக மாறி, அந்த இணைப்பையே மேலும் கெடுக்கும்.

எனவே விளக்கு எரிவது கொண்டு எர்த் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யலாகாது.

எர்த் கோளாறின் அடையாளங்கள்

1. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும் வருதல், அல்லது என்ஜின் மிக மெதுவாகச் சுற்றுதல்.

2. இரண்டு மூன்று முறை முயன்ற பின் பாட்டரி முனையோ எர்த் போல்ட்டோ கை வைக்க முடியாதபடி சூடேறுதல். (வண்டி ஓடாமல் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும்.)

3. இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கும் சேர்ந்து மினுக்குதல்.

4. விளக்குப் போட்டவுடன் வெப்பமானியின் முள் அல்லது டீசல் அளவு முள் இடம் மாறுதல்.

5. பாட்டரி புதிதாக இருந்தும் அடிக்கடி சார்ஜ் இறங்குதல்.

சோதிக்கும் முறை

எந்தச் சோதனைக்கும் முன்பாக கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பி.டி.ஓ.வை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்ப்பதே முறை.

மீட்டர் இல்லாதவர்கள் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் பாட்டரி இணைப்புக் கொடுக்கும் தடித்த கேபிள் ஒன்றை எடுத்துக்கொள்ளவும். அதன் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை என்ஜினில் பெயிண்ட் இல்லாத சுத்தமான இரும்பிலும் பிடிக்கவும். பிறகு இருக்கையில் இருப்பவர் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதுவரை சுற்றாத என்ஜின் இப்போது நன்றாகச் சுற்றினால் குற்றம் எர்த் வழியில்தான். பாட்டரி வாங்கும் செலவு மிச்சம்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் இன்னும் திட்டமாகப் பார்க்கலாம். என்ஜின் ஓடாதபடி ‘ஸ்டாப்’ கம்பியை இழுத்து வைக்கவும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் குமிழிலும் (கிளாம்பில் அல்ல), மறு முனையை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைக்கவும். சாவியைத் திருப்பியிருக்கும்போது மீட்டர் 0.2 முதல் 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உடனே சரி செய்ய வேண்டும்.

அடுத்து, மீட்டரைப் பாட்டரியின் இரண்டு குமிழ்களுக்கும் இடையில் வைத்துப் பார்க்கவும். வண்டி சும்மா நிற்கும்போது முழுச் சார்ஜ் உள்ள பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரிமீது சந்தேகப்படலாம். விழாமல் 12 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்று, மோட்டாரும் சுற்றாமல் இருந்தால் பாட்டரி நல்லது, வழியில்தான் கோளாறு. எர்த் பக்கம் சரியென்று தெரிந்தால் பாஸிட்டிவ் கேபிள், சொலினாய்டு, ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுற்றவிடக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது ஆறவிடவும்.

உயிரைப் பறிக்கும் பழக்கம்

‘செல்ஃப்’ எடுக்காதபோது சிலர் கீழே இறங்கி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஸ்டார்ட் செய்கிறார்கள். இது மிகக் கொடிய பழக்கம். வண்டி கியரில் இருந்தால் கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று செய்திருக்கும் காப்பு ஏற்பாட்டை இது தாண்டிவிடுகிறது. டீசல் என்ஜின் பிடித்தவுடன் வண்டி நகரும். நிற்பவர் விலகுவதற்குள் பின் சக்கரம் ஏறிவிடும். இவ்வாறு உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. எர்த் கம்பியைச் சரி செய்ய ஆகும் நேரம் அரை மணிதான். அதற்குச் சோம்பி உயிரைப் பணயம் வைக்கலாமா? டிராக்டரை இருக்கையில் அமர்ந்து சாவியால் மட்டுமே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும், கூலிக்கு ஓட்டும் டிரைவருக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வைக்கவும்.

முதலில் சுத்தம், பிறகே புதிய கம்பி

பழைய இணைப்பைச் சுத்தம் செய்தாலே பாதிக்கு மேற்பட்ட வேலை முடிந்துவிடும். அதற்குரிய முறை வருமாறு:

கழற்றும்போது பாட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், பாஸிட்டிவை இறுக்கும் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அது வெடிக்கவும் கூடும். கை வளையம், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றிவிடவும். அருகில் பீடி, சிகரெட் கூடாது.

முனைகளில் பூத்திருக்கும் உப்பின் மேல், ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்க்கவும். பாட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா நீர் உள்ளே போனால் அமிலம் கெடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கவும். கண்ணிலோ கையிலோ அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

எர்த் கம்பி வண்டியின் உடலில் சேரும் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளபளக்கும்வரை தேய்க்கவும். கம்பியின் லக்கையும் இவ்வாறே தேய்க்கவும். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினால் அதிர்வில் தளராது. இறுக்கிய பின் மேலே வாஸலைன் அல்லது கிரீஸ் பூசவும். இது ஈரம் சேராமல் காக்கும்.

கேபிளின் உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு ஏறியோ இருந்தால் சுத்தம் செய்து பயனில்லை; கேபிளையே மாற்ற வேண்டும்.

கூடுதல் எர்த் கம்பி எங்கே போடுவது?

பெரும்பாலான டிராக்டர்களில் என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சுக் கூடு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டால் சேர்க்கப்பட்டு, அவையே வண்டியின் உடலாக உள்ளன. இந்தக் கனமான வார்ப்பிரும்பு நல்ல வழி. ஆனால் பாட்டரி பெட்டி, மட்கார்டு, மீட்டர் பலகை, பானெட் ஆகியவை மெல்லிய தகடு. அவற்றின் போல்ட்டுகள் துருப்பிடித்தால் வழி கெடும். ஆகவே கீழ்க்கண்ட மூன்று இடங்களில் கூடுதல் கம்பி போடுவது பயன் தரும்.

முதலாவது, பாட்டரி நெகட்டிவிலிருந்து நேராக ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு. இதுவே முக்கியமானது. பாஸிட்டிவ் கேபிள் எந்தத் தடிமனோ அதே தடிமனில் இதுவும் இருக்க வேண்டும். 50 முதல் 70 சதுர மி.மீ. செம்புக் கேபிள் நலம். 70 சதுர மி.மீ. கேபிளில் 300 ஆம்பியர் போனாலும் மீட்டருக்கு 0.08 வோல்ட்டுக்குள்தான் வீணாகும். 16 சதுர மி.மீ. ஆனால் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வீணாகும். எனவே மெல்லிய கம்பி போடுவது போடாததற்குச் சமம். கூடியவரை நீளத்தைக் குறைக்கவும். பழைய எர்த் கேபிளை எடுத்துவிட வேண்டாம்; அதுவும் இருக்கட்டும்.

இரண்டாவது, ஆல்டர்னேட்டரின் உடலிலிருந்து என்ஜினுக்கு. பெல்ட் இறுக்கும் பட்டையில் பெயிண்டும் துருவும் சேர்ந்து சார்ஜ் ஏறுவதைக் குறைக்கும். இதற்கு 10 சதுர மி.மீ. போதும். என்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, மட்கார்டு, மீட்டர் பலகை, முகப்பு விளக்குத் தாங்கி ஆகியவற்றிலிருந்து என்ஜின் உடலுக்கு. இதற்கு 4 சதுர மி.மீ. கம்பி போதும்.

வீட்டு வயரிங் கம்பியின் உள்ளே இழைகள் குறைவாகவும் தடிப்பாகவும் இருப்பதால் அதிர்வில் ஒடிந்துவிடும். பல மெல்லிய இழைகள் கொண்ட வண்டிக் கேபிளே வேண்டும். லக்கை அதற்குரிய கருவியால் அழுத்திப் பிடிக்கச் செய்வது அவசியம். சுத்தியலால் நசுக்கினால் நாளடைவில் தளரும். ஈயம் பூசிய செம்பு லக் துருவை நன்கு தாங்கும்.

டிரெய்லருக்குத் தனிக் கம்பி

கரும்பு, நெல், வைக்கோல் ஏற்றும் டிரெய்லரின் பின் விளக்குக்கு இணைப்புக் கொக்கியையும் ஊசியையுமே எர்த்தாக நம்பி விடுகிறார்கள். கிரீஸும் துருவும் ஏறிய கொக்கி எப்படி மின்சாரத்தைக் கடத்தும்? குலுங்கும்போது விளக்கு விட்டு விட்டு எரியும், பிறகு அணைந்துவிடும். இரவில் பின்னால் வரும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் விளக்கில்லாத டிரெய்லரில் மோதும் விபத்துகள் ஏராளம். விளக்குக் கம்பிகளோடு 2.5 சதுர மி.மீ. எர்த் கம்பி ஒன்றையும் பிளக் வழியாகத் தனியாகக் கொண்டுபோய், டிரெய்லரின் விளக்குகளில் சேர்த்துவிடவும்.

செய்யக் கூடாதவை

எர்த் கம்பியை டீசல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றில் சேர்க்கக் கூடாது. புகைக் குழாய்க்கு அருகிலோ, ஃபேன், பெல்ட் சுற்றும் இடத்திலோ கொண்டுபோகக் கூடாது.

சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாட்டரியின் பாஸிட்டிவே எர்த்தாக இருக்கும். கம்பி வேலைக்கு முன் எந்த முனை உடலில் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முனை மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கணத்தில் எரிந்துவிடும்.

இந்தியாவில் 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாக்கப்பட்டது. இவ்வகை வண்டிகளில் டீசல் செலுத்துவதைக் கணினி கவனிக்கிறது. இவற்றில் சென்சார் கம்பிகளைத் தொடக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டிக்குக் கம்பெனி மெக்கானிக்கைக் கொண்டே வேலை செய்வது நல்லது.

வண்டியிலோ, அதில் மாட்டிய கலப்பையிலோ வெல்டிங் வைக்கும்போது பாட்டரியின் இரண்டு முனைகளையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும். தொலைவில் பிடித்தால் பேரிங் வழியாக மின்சாரம் பாய்ந்து பேரிங் கெடும்.

மினி லாரி, ஜீப், கார்

காய்கறி, பூ ஏற்றிச் செல்லும் மினி லாரியிலும், ஜீப், கார்களிலும் என்ஜின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எனவே என்ஜினுக்கும் உடலுக்கும் இடையே பின்னல் பட்டை ஒன்று இருக்கும். அது அறுந்துவிட்டால் ஸ்டார்ட்டர் மின்சாரம் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். மெல்லிய அந்தக் கேபிள் சூடேறி உறை உருகும், இறுகிப்போகும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் காரணமின்றி அடிக்கடி கெட்டால் எர்த் பட்டையைப் பார்க்கவும்.

வீண் செலவு வேண்டாம்

கூடுதல் எர்த் கம்பி போட்டால் இழுவை கூடும், டீசல் மிச்சமாகும் என்று சொல்லி, வண்ண வண்ணக் கம்பித் தொகுப்புகளை அதிக விலைக்கு விற்பவர்கள் உண்டு. இதில் உண்மை இல்லை. பழைய முறை டீசல் பம்ப் உள்ள என்ஜின் ஒரு முறை ஸ்டார்ட் ஆகிவிட்டால், ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. பிறகு எர்த் கம்பியால் இழுவை எப்படிக் கூடும்? நல்ல நிலையில் உள்ள வண்டிக்குக் கூடுதல் கம்பி எதையும் தராது. கெட்ட வழியைச் சரி செய்வதே இதன் பயன். உள்ளூர்க் கடையில் கேபிள் வாங்கி லக் பிடித்தால் சில நூறு ரூபாயில் வேலை முடியும்.

ஆண்டுக்கு இருமுறை

மழைக் காலத்துக்கு முன் ஒரு முறை, சேற்றுழவு முடிந்து வண்டியைக் கழுவிய பின் ஒரு முறை, ஆக ஆண்டுக்கு இருமுறை எர்த் இணைப்புகளைக் கழற்றித் தேய்த்து இறுக்கி வாஸலைன் பூசினால் போதும். ஆயில் மாற்றும் நாளிலேயே இதையும் செய்துவிட்டால் மறக்காது. பம்ப்செட் டீசல் என்ஜினிலும் அறுவடை இயந்திரத்திலும் பாட்டரி இருந்தால் அவற்றுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

நாற்று பிடுங்கிக் கட்டுக் கட்டி வைத்துவிட்டால் காத்திருக்காது. அந்தக் காலை வேளையில் வண்டி கிளம்ப வேண்டுமானால் முந்தின மாதமே எர்த் போல்ட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிடுவது நலம்.